மரித்தோரை இனங்காணும் கலை



பிள்ளை பிறந்ததும் அதற்குப் பெயர் சூட்டுவது மக்கள் யாவர்க்கும் பொதுவான வழக்கம். அப்பெயர் பிறப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. பின்னர் பாடசாலை இடாப்பிலும், விவாகப் பதிவிலும், காணி உறுதியிலும், வாக்காளர் பட்டியலிலும் ஏறுகிறது. ஈற்றில் மரணப் பத்திரத்தில் ஏறி ஓய்வு கொள்கிறது. மனிதன் மறைந்த பின்னரும் அவன் பெயர் செய்ய வேண்டிய பணிகள் சில எஞ்சி நிற்கின்றன. அப்பெயரைக் கொண்டே அவன் கடன் தீர்க்கப்படுகிறது. மக்கள் தம் உரிமையைப் பெறுகின்றனர். மனைவி தன் நிலை இன்னதென அறிகின்றாள். மண்ணறையின் தலைமாட்டில் நின்று உறவினர் பிரார்த்திக்கின்றனர். ஆனால், உடல் ஓரிடத்தும் பெயர் வேறோரிடத்துமாக இரண்டும் பிரிந்துவிட்டால் என் செய்வது? அவ்வாறு பிரிந்தவற்றை மீண்டும் ஒன்று சேர்க்க முயலும் அறிவுத்துறைகளுள் ஒன்றே தடயவியல் மானிடவியல் என்பது. எலும்புகளை ஆராய்ந்து, அவை எத்தகைய மனிதருடையவை என்பதைச் சட்டத்தின் முன் எடுத்துரைக்கும் இயல் என்று அதனைச் சுருக்கமாகக் கூறலாம். அவ்வியல் பற்றியும், அது நமது கரையோரத்துக்கு எவ்வகையில் வேண்டப்படுகிறது என்பது பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினமுமாகும். சுமாத்திராத் தீவின் அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நமது கிழக்குக் கரையை வந்தடைந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் நம்முடையவை. கடலோரத்தில் வீடுகள் நெருங்கியிருந்தன. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அன்று மாண்டனர். அவர்களுள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களை இழக்கவில்லை.

அலை ஊரெல்லை பார்க்கவில்லை, மதமும் பார்க்கவில்லை. ஓரூரில் வாழ்ந்தவரின் உடலை வேறோர் ஊரில் ஒதுக்கிச் சென்றது. கதிரவன் சுட்டெரிக்கும் நம் நாட்டில், நீரில் ஊறிய உடல் ஓரிரு நாட்களுக்குள் உருமாறிவிடும். பெற்ற தாயே முகத்தைப் பார்த்து ஐயுறும் நிலை உண்டாகும். அடக்கத்தை விரைவுபடுத்த வேண்டும் என்பது முஸ்லிம்களின் மார்க்கக் கடமை. அதனோடு கொள்ளைநோய் பரவிவிடும் என்ற அச்சமும் சேர்ந்தது. கிடைத்த உடல்களைக் கிடைத்த இடத்தில், பெருங்குழிகளில், பல வேளைகளில் பெயரோ இலக்கமோ இன்றி அடக்கினர். தம் வீட்டு மரணத்தையும் மறந்து, வெறுங்கையால் அப்பணியைச் செய்த இளைஞர்களும் பெரியோர்களும் நன்றிக்குரியவர்கள். அவர்களைக் குறை கூறுதல் அறமாகாது.

எனினும், அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதை நாம் இன்று அறிதல் வேண்டும். இயற்கைப் பேரிடரில் மாண்டோர் தொற்றுநோயால் மாண்டவரல்லர். நீரில் மூழ்கியும் அடிபட்டும் மாண்டவர்கள். உடலில் இல்லாத நோய் உடலிலிருந்து பரவ மாட்டாது. குடிநீர் மாசுபடாமற் காத்துக்கொண்டால் போதுமானது. இதனை உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் பிற அமைப்புகளும் இணைந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூல் ஐயத்துக்கிடமின்றி எடுத்துரைக்கிறது. உடல் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் இடுதல், முகத்தையும் அடையாளங்களையும் அவ்விலக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்தல், உடையையும் அணிகலனையும் குறித்துக்கொள்ளுதல், இன்ன இலக்கம் இன்ன இடத்தில் அடக்கப்பட்டது என எழுதி வைத்தல் ஆகிய இவையே அந்நூல் வேண்டும் கருமங்கள். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவோ பெரிய கல்வியோ தேவையில்லை. ஒரு கொப்பியும், எழுதுகோலும், படக்கருவியும், பொறுமையுள்ள இருவரும் இருந்தால் அரை மணி நேரத்தில் பல உடல்களைப் பதியலாம். அடக்கத்தையும் தாமதப்படுத்த வேண்டியதில்லை.

பதியாமல் விட்டதன் விளைவு பின்னரே தெரிந்தது. கணவன் மரித்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருத்தல் வேண்டும். ஆனால், கணவன் மரித்தானோ இல்லையோ என அறியாதவள் எந்நாளிலிருந்து இத்தாவைத் தொடங்குவாள்? காணாமற் போனவனின் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது பற்றி மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாகவே கருத்து வேற்றுமை உண்டு. சொத்துப் பங்கீடும், வங்கிக் கணக்கும், ஓய்வூதியமும் மரணப் பத்திரத்தை வேண்டி நிற்பன. இவ்விடரைத் தீர்க்கும் பொருட்டு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. உடல் கிடைக்காதவரின் மரணத்தையும் பதிவு செய்வதற்கு அது வழி வகுத்தது. சட்டம் காகிதத்தைத் தந்தது, நன்மையே செய்தது. ஆயினும், “என் பிள்ளை எந்தக் குழியில் இருக்கிறான்?” என்ற தாயின் கேள்விக்கு விடை தரச் சட்டத்தால் இயலாது. அதற்கு விடை தேடுவது அறிவியலின் பொறுப்பு.

அறிவியல் எங்ஙனம் விடை தேடுகிறது? தசை அழிந்து எலும்பே எஞ்சிய நிலையில் ஆய்வாளர் தம்மிடமே சில வினாக்களை வரிசையாக எழுப்பிக்கொள்கின்றனர்.

முதல் வினா: இவை மனித எலும்புகள்தாமா? இரண்டாம் வினா: எத்தனை பேருடையவை? வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள் உண்டு. பலரின் எலும்புகள் கலந்து கிடக்கும்போது வலப்பக்கத் தொடையெலும்புகளை மட்டும் எண்ணுவர். ஒருவருக்கு வலத் தொடையெலும்பு ஒன்றேயாதலால், அவ்வெண்ணுக்குக் குறையாத மாந்தர் அங்கு இருந்துள்ளனர் என்பது தெளிவு.

மூன்றாம் வினா: ஆணா, பெண்ணா? இதனை இடுப்பெலும்பு நன்கு காட்டும். மகப்பேற்றுக்கு இடந்தரும் பொருட்டுப் பெண்ணின் இடுப்பு அகன்றும், முன்புறத்து வளைவு விரிந்தும் இருக்கும், ஆணினது ஒடுங்கியிருக்கும். புருவ மேடும், செவிக்குப் பின்னுள்ள எலும்புத் திரட்சியும் ஆணுக்குப் பெரும்பாலும் பருத்திருக்கும். பருவமெய்தாச் சிறாரின் எலும்பில் இவ்வேறுபாடு தோன்றியிராது. ஆகவே, குழந்தையின் எலும்பைப் பார்த்த அளவில் ஆண் பெண் என்று துணிந்துரைத்தல் அரிது.

நான்காம் வினா: வயது யாது? குழந்தைக்குப் பல் முளைக்கும் ஒழுங்கு வயதை ஏறக்குறையத் திட்டமாகவே காட்டும். இளையோரின் நீண்ட எலும்புகளில் நுனிப்பகுதி தனியாகவும் தண்டுப்பகுதி தனியாகவும் வளர்ந்து, பின்னர் ஒவ்வொரு வயதில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். கழுத்தின் கீழே தோளுக்குக் குறுக்காகச் செல்லும் காறையெலும்பின் உள்முனையே கடைசியாக ஒட்டுவது. இருபதுகளின் பிற்பகுதியில் அது நிறைவுறும். அதற்குப் பின் எலும்பு வளர்வதில்லை, தேய்வதே உண்டு. ஆதலால் முதியோரின் வயதைப் பத்து, பதினைந்து ஆண்டு முன்பின்னாகவே கூற இயலும்.

ஐந்தாம் வினா: உயரம் எவ்வளவு? தொடையெலும்பின் நீளம் ஒருவரின் உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது. அது 45 சென்ரிமீற்றராயின் அம்மனிதர் 168 சென்ரிமீற்றர் அளவில், அஃதாவது ஐந்தரை அடியளவில், இருந்திருப்பார். இதிலும் மூன்று நான்கு சென்ரிமீற்றர் முன்பின் இருக்கும். இக்கணக்குகளுள் பெயர்பெற்றது ட்ரொட்டர், கிளெசர் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டில் அமெரிக்கப் போர்வீரரின் எலும்புகளை அளந்து வகுத்தது. அமெரிக்கரின் உடல் விகிதமும் நம்மவரின் விகிதமும் ஒன்றல்ல. ஆதலால் அவ்வந் நாட்டு மக்களை அளந்து பெற்ற கணக்கையே ஆங்காங்குக் கைக்கொள்ளுதல் முறை.

இவ்வளவும் அறிந்த பின் நம் கையில் எஞ்சுவது யாது? “முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுடைய ஆண், ஐந்தரை அடி உயரம்” என்னும் பொதுவான உருவரையே. கல்முனைச் சந்தைக்கு ஒரு காலைப்பொழுதில் வருவோருள் இவ்வுருவரைக்குப் பொருந்துவோர் நூற்றுக்கணக்கில் இருப்பர். ஆகவே, எலும்பு தானே பெயர் சொல்வதில்லை. அது பலரை விலக்கிச் சிலரை மிச்சம் வைக்கும். அச்சிலருள் இவர் ஒருவரே என்று துணிவதற்கு, உயிரோடிருந்த நாளில் அவரைப் பற்றிப் பதிந்து வைத்த செய்தி ஒன்று மறுபக்கத்தில் இருந்தாக வேண்டும். இனங்காணுதல் என்பது ஒப்பிடுதல். ஒப்பிடுவதற்கு இரண்டு வேண்டும். இவ்வுண்மையே இன்றைய உரையின் சாரம்.

இதற்குச் சான்று வெகு தூரத்தில் இல்லை. அதே நாள், அதே பேரலை தாய்லாந்தின் கரையையும் தாக்கியது. அங்கு மாண்டோர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர். விடுமுறைக்காக வந்திருந்த ஐரோப்பியரும் அவர்களுள் பெருந்தொகையினர். பல நாட்டு வல்லுநரும் அங்குக் கூடி உழைத்தனர். முதற்சில மாதங்களில் வெளிநாட்டவருள் மிகப் பலர் பற்களைக் கொண்டே இனங்காணப்பட்டனர். பல்லே உடலில் மிக வலிய பொருள். நீருக்கும் நெருப்புக்கும் ஈடுகொடுப்பது. ஆனால், அவர்தம் பல் நம்முடையதினும் வலிமை வாய்ந்ததன்று. அவர்தம் ஊர்ப் பல்வைத்தியரிடம் எந்தப் பல் அடைக்கப்பட்டது, எது பிடுங்கப்பட்டது என்ற குறிப்பும் எக்ஸ்ரே படமும் இருந்தன. நம்மவரோ பல்வலி பொறுக்க முடியாத அன்று சென்று, பிடுங்கிக்கொண்டு திரும்புவோர். துண்டொன்று தந்தாலும் அது வீடு வந்து சேர்வதில்லை. அறிவியல் இரு நாட்டுக்கும் ஒன்றே, வேறுபட்டது பதிவேடு.

பல் பதிவு மட்டுமன்று. கை முறிந்து பொருந்திய தழும்பு, சத்திரசிகிச்சையில் வைத்த உலோகத் தகடு, பிறவியில் அமைந்த கோணல் ஆகிய ஒவ்வொன்றும் அடையாளமே. உடையும் உடைமையும் துணை செய்யும். ஆயினும் அவற்றைத் தனிச் சான்றாகக் கொள்ளலாகாது. சட்டையை இரவல் வாங்கி அணிவோரும், மோதிரத்தை மாற்றிக்கொள்வோரும் உண்டல்லவா? துயரத்தில் இருப்பவர் கண்ணுக்கு வேறொருவர் உடல் தம்மவர் உடலாகத் தோன்றுவதும் பேரிடர்களில் அடிக்கடி நிகழும் விபரீதமாகும். ஓர் உடல் தவறாகக் கையளிக்கப்படின் ஒரு குடும்பமன்று, இரு குடும்பங்கள் ஏமாற்றப்படுகின்றன.

எலும்பு எக்காலத்தது என்பது மற்றொரு பெருவினா. உயிருள்ள உடலில் காபன் 14 என்னும் கதிரியக்கப் பொருள் சிற்றளவில் உண்டு. உயிர் நீங்கியபின் அது மெல்ல மெல்லக் குறையும். 5,730 ஆண்டில் பாதியாகும். எஞ்சிய அளவைக் கொண்டு காலத்தைக் கணிப்பர். மன்னார் நகரில் பழைய சதொச வளவில் 2018ஆம் ஆண்டில் கட்டட வேலைக்காக மண் அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளைப்படி சட்ட வைத்திய அதிகாரியும், தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ அவர்களும் மேற்கொண்ட அகழ்வில் முந்நூறுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரிகள் அனுப்பப்பட்டன. அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என 2019 மார்ச்சில் முடிவு வந்தது. போர்க்காலத்தில் காணாமற் போன தம்மவரைத் தேடி அப்புதைகுழியருகே காத்து நின்ற குடும்பத்தினர் அம்முடிவால் ஆறுதல் பெறவில்லை; மேலும் ஆராய வேண்டும் என்றே கேட்டனர். அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. சில மாதிரிகளின் காலம் குழி முழுவதன் காலமென முடிவு செய்வதற்கு, மண்ணடுக்கும் அதிற் கிடந்த பொருள்களும் உடன் சேர்த்து ஆராயப்படல் வேண்டும். ஆய்வின் ஒவ்வோர் அடியையும் குடும்பத்தினர்க்கு அவர் மொழியில் விளக்கிக் கூறுதலும் அறிவியலாளரின் கடனேயாகும்.

எலும்பு ஒருவர் எந்நாட்டில் வளர்ந்தார் என்பதையும் ஓரளவு கூறவல்லது. பஞ்சாபில் அஜ்னாலா என்னும் ஊரில் பழங்கிணறு ஒன்றிலிருந்து 2014ஆம் ஆண்டில் எலும்புகள் எடுக்கப்பட்டன. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் கொன்று அக்கிணற்றிலிட்ட சிப்பாய்களுடையவை அவை எனச் சிலர் கூற, வேறு காலத்தவை எனப் பிறர் மறுத்தனர். பல்லின் மேற்பூச்சு சிறுவயதிலேயே உருவாவது. அவ்வயதில் உண்ட உணவின், பருகிய நீரின் இயல்பை அது தன்னுள் வைத்துக்கொள்ளும். பற்களையும் மரபணுவையும் ஆராய்ந்த இந்திய அறிஞர், இவர்கள் கங்கைச் சமவெளியினர் என 2022ஆம் ஆண்டில் முடிவு கூறினர். பழைய ஆங்கிலேயக் குறிப்பு கூறிய படைப்பிரிவின் செய்தியோடு அது பொருந்திற்று. நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக மறைந்து கிடந்தோரின் ஊரை ஒருவாறு கண்டறிந்தனர். தனித்தனிப் பெயரைக் காண முடியவில்லை. ஒப்பிடுவதற்கு உறவினர் யாரென அறியார் அல்லரோ!

மரபணு என்ற சொல் வந்தமையால் அதனையும் விளக்குதல் தகும். ஒவ்வொருவரும் தம் மரபணுவிற் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றனர். ஆகவே, எலும்பிலோ பல்லிலோ எஞ்சிய மரபணுவைப் பெற்றோரின் மரபணுவோடும் மக்களின் மரபணுவோடும் ஒப்பிட்டு உறவைத் துணியலாம். தாய்வழியாக மட்டும் இறங்கும் ஒருவகை மரபணுவும் உண்டு. சகோதரியும் சகோதரியின் மக்களும் அதனைப் பகிர்ந்துகொள்வர். பழைய எலும்பிலும் அது நீடித்திருக்கும். இக்கலையின் வன்மையைக் கல்முனை கண்கூடாகக் கண்டதுண்டு. பேரலைத் தினத்தன்று கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தில் பதியப்பட்ட கைக்குழந்தையின் பெற்றோர் யாவர் என்ற வழக்கு நீதிமன்றம் சென்றது. 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை விடை கூறியது. குழந்தை பெற்றோரின் கைக்கு வந்தது. வாய் பேசாக் குழந்தைக்குப் பெயர் தந்த அதே கலைதான் வாய் பேசா எலும்புக்கும் பெயர் தருகிறது. இரண்டிடத்தும் மறுபக்கத்தில் உறவினர் இருந்தே ஆகவேண்டும்.

பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிக்கா என்னும் ஊரில் 1995 ஜூலையில் ஏறத்தாழ எண்ணாயிரம் முஸ்லிம் ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். கொன்றோர் குற்றத்தை மறைக்கும் பொருட்டு, புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, எச்சங்களை வேறு பல குழிகளுக்கு மாற்றினர். ஒருவரின் எலும்புகள் பல குழிகளிற் சிதறின. எலும்பின் உருவைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாத நிலை. காணாமற்போனோர் பற்றிய சர்வதேச ஆணைக்குழு பல்லாயிரம் உறவினரிடம் இரத்த மாதிரி பெற்று, ஒவ்வோர் எலும்போடும் ஒப்பிட்டது. இன்றுவரை ஏழாயிரத்துக்கு அணித்தான பேர் இனங்காணப்பட்டுள்ளனர். ஆண்டுதோறும் ஜூலை 11ஆம் நாள் பொட்டொச்சாரி மையவாடியில், அவ்வாண்டு இனங்காணப்பட்டோருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி நல்லடக்கம் செய்கின்றனர். சில குடும்பத்தினர் ஓரிரு எலும்புகளையே அடக்கம் செய்துவிட்டு, பின்னர் கிடைத்தவற்றுக்காக அதே கபுறை மீண்டும் திறந்திருக்கின்றனர்.

இத்துறைக்கு மக்கள் சேவை என்னும் வடிவம் தந்தது ஆர்ஜென்டீனா. இராணுவ ஆட்சியில் மறைந்துபோன ஆயிரக்கணக்கானோரைத் தேடி அவர்தம் தாய்மார் ஓயாது நின்றனர். ஆட்சி மாறியதும் அவசரப்பட்டு மண்வாரும் இயந்திரங்களால் புதைகுழிகளைத் தோண்ட, எலும்புகள் நொறுங்கிச் சான்றுகள் பாழாயின. 1984ஆம் ஆண்டில் அங்குச் சென்ற அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ என்பார், மாணவர் சிலரைச் சேர்த்துத் தூரிகையும் சிறுகரண்டியும் கொண்டு தொல்லியல் முறைப்படி அகழக் கற்பித்தார். அக்குழு பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் சென்று உதவியது. தோண்டும் முறை பிழைத்தால் எலும்பு சொல்ல வந்த செய்தி என்றென்றைக்கும் அழியும் என்பது அவர்கள் உலகுக்குத் தந்த பாடம்.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வழி செய்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, புதைத்த உடலைத் தோண்டியெடுக்கக் கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023ஆம் ஆண்டில் நீர்க்குழாய் பதிக்கும்போது வெளிப்பட்ட குழியில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. யாழ்ப்பாணம் செம்மணியில் 2025ஆம் ஆண்டு அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. சிறுவருக்குரிய பாடசாலைப் பையும் பொம்மையும் அவற்றோடு கிடைத்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள், நீதிமன்றக் கட்டளைப்படி, அப்பொருள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மண் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டது. அதனை அறிந்து சொல்லும் உறவினரைத் தேடும் பணி எஞ்சியிருக்கிறது.

நமது பகுதிக்கும் அத்தகைய ஆறாப்புண்கள் உண்டு. 1990 ஜூலை 12ஆம் நாள் கல்முனை வழியாகக் காத்தான்குடி நோக்கிச் சென்ற முஸ்லிம் பயணிகள் பலர் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்தம் எச்சங்களை அகழ்ந்தெடுக்க வேண்டுமென 2014ஆம் ஆண்டில் களுவாஞ்சிகுடி நீதவான் நீதிமன்றில் முறையிடப்பட்டது. 2025ஆம் ஆண்டில் மீண்டும் அவ்விடயம் நீதிமன்றின் முன் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன், 1990 ஜூனில், கிழக்கு மாகாணப் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த பின் கொல்லப்பட்ட பொலிசாரின் வீடுகளில் அழுகை ஓயவில்லை. அந்நாட்களில் இராணுவம் கல்முனைக்குத் திரும்பியபோது காணாமற் போன தமிழரின் வீடுகளிலும் அதே அழுகைதான். மூன்று இனத்தவரின் தாய்மாரும் கேட்பது ஒரே கேள்வி. தொடையெலும்பில் சாதியோ சமயமோ எழுதியிருப்பதில்லை. ஒரு சாராரின் குழியைத் தோண்டு, மறுசாராரின் குழியை மூடு என்று கூறுவோர் இக்கலையின் அடிப்படையையே அறியாதவர்.

“அடக்கிய உடலைத் தோண்டுதல் தகுமா?” என்று சிலர் வினவுவர். நியாயமான கேள்வியே. இறந்தோரின் எலும்புக்கும் உயிருள்ளோர்க்குரிய கண்ணியம் தருவது இஸ்லாம். தக்க தேவையின்றிக் கபுறைத் திறத்தல் கூடாது. தேவை நேரின் திறக்கலாம் என மார்க்கச் சட்ட அறிஞர் இடம் தந்துள்ளனர். முறையான கழுவலும் கபனும் தொழுகையும் இன்றிக் குழியில் எறியப்பட்டவரை எடுத்து, உரியவர் கையில் ஒப்படைத்து, முறைப்படி அடக்குதல் கண்ணியத்தைக் குலைப்பதாகாது. குலைந்த கண்ணியத்தைச் சீர் செய்வதாகும். பேரலையின் பெருங்குழிகளைப் பொறுத்தமட்டில், அவற்றைத் திறப்பதா, அமைதியாக விட்டுவைப்பதா என்பதை அவ்வக் குடும்பத்தினரும் ஊர்ப் பெரியோரும் தாமே தீர்மானித்தல் வேண்டும். எவ்வாறாயினும், அக்குழிகள் எங்குள்ளன என்ற விபரம் மறைந்துபோக விடலாகாது. அன்று குழி வெட்டியோர், உடல் சுமந்தோர் இன்று முதுமையை நோக்கிச் செல்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ளதை, எந்த இடம், எத்தனை பேர், என்ன உடை என்று, பள்ளிவாசல் நிருவாகமோ கோவில் நிருவாகமோ எழுதி வாங்கி வைப்பது இன்றே செய்யத்தக்கது.

மற்றொன்று இதனினும் அவசரமானது. 1990ஆம் ஆண்டில் மகனை இழந்த தாய்க்கு இன்று எழுபது, எண்பது வயதாகிறது. மகனின் எலும்போடு ஒப்பிடுவதற்கு அத்தாயின் மரபணுவே தலைசிறந்த சான்று. எலும்பு மண்ணில் இன்னும் பல்லாண்டு கிடக்கும். தாய் இருக்க மாட்டாள். வாயினுள்ளே பஞ்சுக் குச்சியால் ஒருமுறை தடவி எடுத்துப் பாதுகாத்தால் போதும், வலி சிறிதுமில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் முறைப்பாடுகளைப் பெற்று விபரம் திரட்டுகிறது. அவ்வாறு திரட்டும் விபரத்தோடு முதியோரின் மரபணு மாதிரியும், குடும்பத்தினரின் சம்மதத்துடனும் இரகசியம் பேணும் உறுதியுடனும் சேர்த்து வைக்கப்படுதல் வேண்டும். அகழ்வு நடக்கட்டும், பின்பு பார்ப்போம் என்று காத்திருந்தால், எலும்பு கையில் இருக்கும். ஒப்பிட ஆள் இருக்காது.

ஆசிரியத் தொழிலில் உள்ளவர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. பாடசாலைச் சேர்வு இடாப்பு, வகுப்புப் புகைப்படம், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தின் அட்டை, அடையாள அட்டை விண்ணப்பத்துக்கான படம் ஆகியவற்றை நாம் வெறும் காகிதமென எண்ணுகிறோம். இடமில்லையென்று பழைய இடாப்புகளைச் சாக்கில் கட்டி நனைய விடும் வழக்கமும் சிலவிடங்களில் உண்டு. ஒரு நாள் அதே காகிதமே ஒரு பிள்ளையின் பெயரைக் காக்கும் கடைசிச் சான்றாகலாம். பெற்றோர்களும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, பல்வைத்தியர் குறிப்பு, எக்ஸ்ரே படம், தெளிவாகச் சிரித்த முகமுள்ள புகைப்படம் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுக் கடலுக்குத் தொலைவிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு பிரதி வைப்பது நன்று. புகைப்படத்தில் முன்பற்கள் தெரிந்தால் அதுவும் பற்பதிவாகும். இவ்வாறு செய்வது அபசகுனமாகாது. மழைக்கு முன் கூரை வேய்வது போன்றதே.

நேயர்களே, எலும்பை ஆராயும் அறிஞர் மண்ணுக்கடியில் உள்ள பாதிச் செய்தியைக் கொண்டுவந்து தருவர். மறுபாதி மண்ணுக்கு மேலே, நம் வீட்டு அலுமாரியிலும், ஊர்ப் பெரியோரின் நினைவிலும், முதிய தாயின் உடலிலும் இருக்கிறது. அப்பாதியைக் காப்பது அரசாங்கத்தின் கடமை மட்டுமன்று; நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும். அடுத்த பேரிடர் எக்காலத்து வருமென நாமறியோம். வரின், முதல் உடலை எடுக்கும் கையோடு ஓர் இலக்கமும் ஒரு கொப்பியும் இருக்கட்டும். முப்பத்தைந்து ஆண்டாகக் காத்திருக்கும் தாய்மாரின் வீட்டுக்கோ, பேரிடர் வரும்வரை காத்திராது, இம்மாதமே ஒருவர் செல்லட்டும்.